பைக்கின் டிஸ்க் பிரேக் காலிப்பரை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். லீவரை விட்ட பிறகும் சக்கரம் இறுக்கிப் பிடிக்கிறது, மெக்கானிக் “காலிப்பர் போச்சு சார், புதுசு மாத்திடலாம்” என்று சொல்லியிருப்பார், சரியா? என்னிடமும் அதையேதான் சொன்னார்கள். கேட்டதும் கோபம் வந்தது, ஏனென்றால் காலிப்பர் என்பது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் வெறும் அலுமினிய வார்ப்பு, அது அவ்வளவு சுலபத்தில் போகாது. போவது உள்ளே இருக்கும் ரப்பர்தான். சென்னையில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டில் சீல் கிட், அதாவது அந்த ரப்பர் வளையங்களின் செட், வாங்கிக்கொண்டு வந்து நானே உட்கார்ந்தேன்.

பிரேக் ஆயில் வரும் ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே பிரேக் பேடுகளை எடுத்துவிட்டு, லீவரை மெதுவாக அமுக்கி அமுக்கியே பேடைத் தள்ளும் பிஸ்டனை வெளியே தள்ளிவிடுங்கள். கம்ப்ரெசர் காற்று வேண்டவே வேண்டாம், பிஸ்டன் தெறித்து வந்தால் விரல் நசுங்கிவிடும். நான் திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் இருப்பவன். பிஸ்டன் வழவழவென்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பழைய சீலை நெம்பி எடுத்ததும் அது உட்காரும் பள்ளம் முழுக்க வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. அலுமினியம் அரித்துப் பூத்த உப்பு. அது பின்னாலிருந்து சீலைத் தள்ள, சீல் பிஸ்டனை நெரித்துப் பிடித்திருக்கிறது. அந்தச் சதுர சீல்தான் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் வளைந்து, விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது, வேறு ஸ்பிரிங் கிடையாது. மூங்கில் குச்சியால் பள்ளத்தைப் பொறுமையாகச் சுரண்டினேன், இரும்பு பட்டால் கீறல் விழும். உங்கள் பிஸ்டனில் சீல் உரசும் இடத்தில் குழி விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

புது சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்து மாட்டுங்கள். சாதா கிரீஸ், இன்ஜின் ஆயில், பெட்ரோல் எதுவும் படக்கூடாது, ரப்பர் ஊதிவிடும். காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடர் பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ். ஹோஸைக் காலிப்பரோடு சேர்க்கும் பாஞ்சோ போல்ட்டுக்குப் புது செம்பு வாஷர். ஆயில், பிரேக் ஆயில் டப்பியின் மூடியில் போட்டிருக்கும் ரகம்தான். டாட் 4 என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் இழுத்தபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும், அதனால் திறந்து வைத்த பழைய டப்பாவை ஊற்றாதீர்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

“பிரேக்கில் கை வைக்காதே, உயிர் விஷயம்” என்று இங்கே சிலர் வருவார்கள். உயிர் விஷயம் என்பதால்தான் நானே செய்கிறேன். பள்ளத்தைச் சுரண்ட அரை மணி நேரம் செலவழிக்கும் ஒர்க்‌ஷாப்பை நான் பார்த்ததில்லை. நல்ல மெக்கானிக்குகளை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு நேரம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். ஸ்பேனர் பிடித்தே பழக்கமில்லாதவர் இதில் ஆரம்பிக்க வேண்டாம். ஏபிஎஸ் வண்டியில் ஏர் எடுப்பது, அதாவது ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவது, மாடலுக்கு மாடல் வேறுபடும், சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

வேலையைவிடப் பெரிய தலைவலி எங்கள் குடியிருப்புச் சங்கம். பார்க்கிங்கில் வண்டி ரிப்பேர் செய்யக்கூடாதாம், நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஒரு சொட்டு எண்ணெய் தரையில் விடாமல் அட்டை விரித்து வேலை செய்பவனுக்கு நோட்டீஸ், மாடியிலிருந்து குப்பை வீசுபவர்களுக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் எங்கேதான் உட்கார்ந்து செய்வது?

சரி, ஏர் எடுத்து முடித்ததும் லீவர் கல் மாதிரி நிற்கும்வரை பம்ப் செய்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்தவே வேண்டும். லீவரை இறுக்கிக் கட்டி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் ஏர் எடுக்கும் நிப்பிள், பாஞ்சோ இரண்டிலும் டிஷ்யூ வைத்து ஒற்றிப் பாருங்கள். துளி ஈரம் இருந்தாலும் ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.