உப்புத் தண்ணீர், கச்சான் காற்று, நாலடி இடம்: கடற்கரை வீட்டுத் தோட்டக் கேள்வி பதில்

கேள்வி (தங்கச்சிமடம்): அக்கா, பால்கனியில பத்துத் தொட்டி வச்சிருக்கேன். பீன்ஸ், தக்காளி, கத்தரி. மூணு வாரம் நல்லா வருது. அப்புறம் இலை ஓரமெல்லாம் தீஞ்சு போகுது. உரம் பத்தலையா?

உரம் பத்தாமல் போனால் இலை மொத்தமாக வெளிறும். ஓரமும் நுனியும் மட்டும் கருகினால் உப்பு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். இந்த நேரத்தில் இன்னும் உரம் போட்டால் செடி சீக்கிரம் போய்விடும், ஏனென்றால் உரமும் உப்புதான்.

முதலில் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள்; தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் (பிபிஎம்) என்று காட்டும். இந்த ராமநாதபுரக் கரையில் தோட்டம் போடுகிறவருக்கு மண்வெட்டிக்கு முன்னால் வேண்டியது அதுதான். மீட்டர் காட்டும் எண் 500-க்குள் இருந்தால் எதுவும் போடலாம். 500 முதல் 1000 வரை தக்காளி, மிளகாய், கத்தரி கவனமாகப் பார்த்தால் வரும். 1000-க்கு மேல் போனால் கொத்தவரை, தட்டைப்பயறு, பீட்ரூட் பக்கம் போய்விடுங்கள். கொத்தவரை உப்பை நன்றாகத் தாங்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம் மூன்றும் தாங்காது. உங்கள் பட்டியலில் முதலில் எடுக்க வேண்டியது பீன்ஸ்.

அடுத்தது ஊற்றும் முறை. தினமும் ஒரு சொம்பு தெளித்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கும். ஊற்றுகிற ஒவ்வொரு தடவையும் அடித்துளையில் கொஞ்சம் வழிய வேண்டும். ஒரு லிட்டர் ஊற்றினால் 150 முதல் 200 மில்லி வெளியே வரட்டும். வழிந்ததைப் பிடித்து மீட்டர் வையுங்கள். ஊற்றியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் காட்டினால் தொட்டியை அலச வேண்டும். 12 லிட்டர் தொட்டிக்கு 25 லிட்டர் மழைநீரோ குடிநீரோ, அரை மணி இடைவெளியில் மூன்று தடவையாக ஊற்றுங்கள். அலசலில் சத்தும் போய்விடும் என்பதால், மூன்று நாள் கழித்து இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். தட்டில் தேங்கும் உப்புத் தண்ணீரை மண் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும்.

கேள்வி (ராமேசுவரம்): ஆர்.ஓ. மிஷினில் வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு விடலாமா?

வேண்டாம். உங்கள் குடிநீரிலிருந்து எடுத்த உப்பு அதில்தான் இருக்கிறது. உள்ளே போகும் தண்ணீர் 1500, அதில் பாதி வெளியே வருகிறது என்றால் வருவது 3000-ஐ ஒட்டி இருக்கும். தரை கழுவுங்கள்.

மழைநீரைக் கலந்து ஊற்றுவதுதான் நல்ல வழி. 2400 உள்ள போர் தண்ணீர் ஒரு குடம், 100 உள்ள மழைநீர் ஒரு குடம் கலந்தால் 1250. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 200 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால், சிந்தியது போக 150 லிட்டர் பிடிக்கலாம். நமக்கு மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான்; அதற்குள் 200 லிட்டர் டிரம் இரண்டு தயாராக இருக்கட்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்த மாதங்களில் மாடியில் உப்பும் மணலும் படிந்திருக்கும். அதனால் முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். டிரம் வாயில் கொசு புகாதபடி துணி கட்டுங்கள்.

கேள்வி (பாம்பன்): கடற்கரை மணல் சும்மா கிடைக்குது. மண் கலவையில சேர்க்கலாமா? சிப்பித்தூள் சுண்ணாம்புச் சத்துன்னு சொல்றாங்களே?

இரண்டும் வேண்டாம் தம்பி. மணலில் உப்பு இருக்கிறது, கிளிஞ்சல் துண்டும் இருக்கிறது. நம் மண்ணும் தண்ணீரும் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளவை. சிப்பித்தூள் அதை இன்னும் ஏற்றிவிடும். ஏறினால் செடிக்கு இரும்புச்சத்து கிடைக்காது. துளிரிலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அப்படி ஏற்கெனவே ஆகியிருந்தால், ஒரு லிட்டர் மழைநீரில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். பழைய இலை தேறாது, புதுத் துளிரைப் பாருங்கள்.

கலவை: தென்னை நார்த்தூள் மூன்று பங்கு, மக்கிய ஆட்டெரு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு. கண்மாய்க் கரம்பை (கண்மாயில் படியும் வண்டல் களிமண்) கிடைத்தால் செம்மண்ணுக்குப் பதில் போடலாம். அதற்கு மேல் போனால் இறுகித் தண்ணீர் வடியாது. நார்த்தூளை அப்படியே போடாதீர்கள், அதிலும் உப்பு இருக்கும். 5 கிலோ கட்டியை 25 லிட்டர் தண்ணீரில் ஊற வைத்து, பிழிந்து, இப்படி மூன்று தடவை அலசுங்கள். கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும். ஆட்டெரு ஆறு மாதம் மக்கியதாக இருக்க வேண்டும். 12 லிட்டர் தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி ஜிப்சம் கலந்தால், அதிலுள்ள கால்சியம் மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தை விடுவிக்கும். விடுபட்டது வெளியே போக, மேலே சொன்ன அலசலும் வேண்டும்.

கேள்வி (மண்டபம்): மீன் வைக்கிற பழைய தெர்மாகோல் பெட்டியில் கீரை போடலாமா?

தாராளமாக. கீரைக்கு 20 செ.மீ. ஆழம் போதும். சோப்பு போட்டுக் கழுவி, இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி மாற்றினால் உப்பும் வாடையும் போகும். அடியில் விரல் பருமனில் ஆறு துளை. வெயில் பட்டால் தெர்மாகோல் உதிர்ந்து, அந்த மணிகள் கடலுக்குத்தான் போய்ச் சேரும். வெளிப்பக்கம் சாக்கு சுற்றித் தைத்துவிடுங்கள். உதிர ஆரம்பித்த பெட்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கேள்வி (ஏர்வாடி): மொட்டை மாடியில காத்து செடியைப் பிடுங்குது. சுத்தி தகரம் அடிச்சுடலாமா?

தகரம் அடித்தால் காற்று அதன் மேலே ஏறி உள்பக்கம் சுழன்று விழும். செடி இன்னும் மோசமாக உடையும். காற்றைத் தடுக்கக் கூடாது, வடிகட்ட வேண்டும். தென்மேற்குப் பக்கம் 50 சதவீத நிழல்வலையோ, இடைவெளி விட்டுக் கட்டிய பனைமட்டைத் தட்டியோ போதும். ஆறடி உயரத் தட்டி முப்பது அடி வரைக்கும் காற்றைத் தணிக்கும். கயிற்றை மூன்று மட்டத்தில் கட்டுங்கள். மேலே மட்டும் கட்டினால் ஆனி, ஆடியில் தட்டியே பாய்மரமாகிவிடும். காற்று ஓங்கிய நாளில் மாலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவினால் படிந்த உப்பு போகும்.

கொடிகளுக்குப் பழைய வலை கிடைக்குமே, பீர்க்கும் பாகலும் அதில் நன்றாக ஏறும். கெட்டியான நைலான் நூல் வலையாக, பெரிய கண்ணாகப் பாருங்கள். மெல்லிய நரம்பு (ஒற்றை இழை) வலையில் அணிலும் குருவியும் மாட்டிச் சாகும், தண்டையும் அறுக்கும்.

எடையையும் கணக்குப் பாருங்கள். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் அளவு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நனைந்த மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். நார்த்தூள் கலவை ஏறக்குறைய ஒரு கிலோ. பெரிய தொட்டிகள் சுவர், உத்தரத்துக்கு மேலே இருக்கட்டும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கூரையின் அடிப்பூச்சு உதிர்கிற வீடா? முதலில் அதைச் சரி பண்ணுங்கள், தோட்டம் காத்திருக்கும்.

கேள்வி (சாயல்குடி): முண்டு மிளகாய் தொட்டியில் வருமா? ஆடிப்பட்டம்தானே?

வரும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்ப் பயிராச்சே. 15 லிட்டர் தொட்டிக்கு ஒரு செடி. ஆனால் ஆடிப்பட்டம் நமக்கு ஒத்துவராது. ஆடியில் இங்கே காற்றும் வறட்சியும்தான். புரட்டாசியில் நாற்று விட்டு, 35 முதல் 40 நாளில் நட்டால் மழை கைகொடுக்கும். அடைமழையில் வேர் அழுகாமல் இருக்க, தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு. இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் 2 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர், வாரம் ஒரு தடவை. இரண்டையும் அடுத்தடுத்துத் தெளிக்கக் கூடாது, இலை கருகும்; இரண்டு வாரமாவது விடுங்கள்.

கேள்வி (கீழக்கரை): அதே அளவில்தான் வேப்பெண்ணெய் கலந்தேன். எண்ணெய் தனியாக மிதந்து, தெளிப்பான் அடைத்துக்கொண்டது. ஏன்?

போர் தண்ணீரில் கலந்திருப்பீர்கள். கடின நீரில் சோப்பு திரிந்துவிடும், எண்ணெய் கரையாது. மழைநீரோ கேன் தண்ணீரோ எடுத்து, முதலில் எண்ணெயையும் சோப்பையும் மட்டும் குழப்பி, பால் மாதிரி ஆன பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அன்றைக்கே தெளித்துத் தீர்த்துவிடுங்கள்.