நாளை கடும் வெயில் என்று தெரிந்தால் மருத்துவமனை இன்று என்ன செய்ய வேண்டும்?

வானிலை, பருவநிலை முன்னறிவிப்புகளால் மக்களின் உடல்நலத்தைக் காக்க முடியுமா, முடியுமென்றால் எவ்வாறு என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் முன்னறிவிப்பு வெளியாகிவிட்டது என்பதாலேயே எவரும் பிழைத்துவிடுவதில்லை. எந்த அளவுக்கு வெப்பமோ மழையோ வந்தால், யார், எந்த வேலையை, எப்போதைக்குள் செய்து முடிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே எழுத்தில் முடிவாகியிருக்கும் ஊரில்தான் அந்த அறிவிப்புக்குப் பொருள் உண்டு. கடலோர மாவட்டம் ஒன்றில் காய்ச்சல் கண்காணிப்பு, கொசு ஒழிப்புப் பணிகளில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இதற்கு நம் நாட்டிலேயே உள்ள நல்ல சான்று அகமதாபாத். 2010 மே மாதத்தில் அந்நகரின் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. அந்த மாதத்தில் பதிவான மொத்த இறப்புகளை 2009, 2011 ஆகிய ஆண்டுகளின் மே மாத இறப்புகளோடு பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தது தெரியவந்தது. இது வழக்கத்தைவிட ஏறத்தாழ 43 சதவீதம் அதிகம். வெப்பத்தால் உயிர் போனாலும் பதிவேட்டில் மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோ முதுமை என்றோதான் பெரும்பாலும் எழுதப்படும். ஆகவே வெயிலுக்கு எத்தனை பேர் பலியானார்கள் என்பதை வெப்பவாத (ஹீட் ஸ்ட்ரோக்) நோயாளிகளை மட்டும் எண்ணி அறிய முடியாது. மொத்த இறப்புகள் எவ்வளவு உயர்ந்தன என்று பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

இதையடுத்து 2013இல் அகமதாபாத் மாநகராட்சி, காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் முதலியவற்றோடு சேர்ந்து வெப்பச் செயல்திட்டம் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தெற்காசியாவில் இத்தகைய முதல் திட்டம் அதுவே. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் 7 நாட்களுக்கான வெப்ப முன்னறிவிப்பை அளித்தது. எச்சரிக்கை விடுக்கப்பட்டால் ஆம்புலன்ஸ்களில் ஐஸ் பேக் இருக்க வேண்டும், நகர்ப்புற சுகாதார நிலையங்களில் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) இருப்பு சரிபார்க்கப்பட வேண்டும், தண்ணீர்ப் பந்தல்கள் திறக்கப்பட வேண்டும், செய்தி ஒரு பொறுப்பு அலுவலரிடமிருந்து எல்லாத் துறைகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று வேலைகள் பிரித்து ஒப்படைக்கப்பட்டன. பின்னர் வந்த ஓர் ஆய்வு, இத்திட்டத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டது. அந்த மதிப்பீட்டின் எல்லைகள் 162 முதல் 2,218 வரை விரிந்தவை என்பதால் நடு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பெருமை பேசுவது சரியாகாது. ஆயினும் அதன் கீழ் எல்லையை எடுத்துக்கொண்டாலும் செலவுக்குத் தகுந்த பயன் கிடைத்திருக்கிறது என்பதே என் கருத்து.

அந்நகர அனுபவத்தில் என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று. அங்குள்ள மருத்துவமனை ஒன்றில் மகப்பேறு வார்டு மேல் தளத்தில், நேராக வெயில் காயும் கூரைக்குக் கீழே இருந்தது. 2010 வெப்ப அலையின்போது வெப்பம் தாக்கிய பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருவது கூடியதை மருத்துவர்கள் கவனித்தார்கள். பிறகு வார்டு கீழ்த் தளத்துக்கு மாற்றப்பட்டது. அத்தகைய சேர்க்கைகள் குறைந்தன. அன்றாட எச்சரிக்கை ஒருபுறம் இருக்க, வரும் ஆண்டுகளில் கோடை மேலும் கடுமையாகும் என்ற நீண்டகாலக் கணிப்பை நிர்வாகம் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அகமதாபாத்தின் அளவுகோலை அப்படியே சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ கொண்டுவர முடியாது. இந்திய வானிலை ஆய்வு மையம் வெப்ப அலையைக் கணிக்கும்போது சமவெளிக்கு 40 டிகிரியையும் கடலோரத்துக்கு 37 டிகிரியையும் அடிப்படையாகக் கொண்டு, இயல்பைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. கடலோரத்தில் காற்றின் ஈரப்பதம் மிகுதியாக இருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. வியர்வை ஆவியாகாவிட்டால் உடல் குளிர்வதில்லை. எனவே வெப்பமானி காட்டும் எண் குறைவாக இருந்தாலும் உப்பளத்திலும் கட்டுமானத்திலும் வேலை செய்பவரின் உடல் படும் பாடு குறைவதில்லை. இரவிலும் வெப்பம் தணியாத நாட்கள் தொடர்ந்தால், முதல் நாளைவிட மூன்றாம் நாளில் ஆபத்து அதிகம். தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல தொடக்கம். ஆனால் அந்த அறிவிப்பின்படி இழப்பீடு வழங்குவது இறப்புக்குப் பின்னர் நடப்பது. முன்னறிவிப்பின் இடம் அதற்கு முன்னால்.

மழைக்கு வருவோம். டெங்குவைப் பொறுத்தவரை நமக்குக் கிடைக்கும் அவகாசம் பலர் நினைப்பதைவிட நீண்டது. மழை பெய்து தண்ணீர் தேங்கியபின் ஏடிஸ் கொசுவின் முட்டை முழுக்கொசுவாக வளர ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகும். அது நோயாளி ஒருவரைக் கடித்தபின், வைரஸ் கொசுவின் உடலில் பெருகி அடுத்தவருக்குப் பரவும் நிலையை அடைய 8 முதல் 12 நாட்கள். அவ்வாறு கடிபட்டவருக்குக் காய்ச்சல் தெரிய மேலும் 4 முதல் 10 நாட்கள். ஆக, மழைக்கும் காய்ச்சல் வார்டு நிரம்புவதற்கும் இடையே சாதாரணமாக மூன்று, நான்கு வாரங்கள் இருக்கின்றன. மழையே வரப்போகிறது என்ற முன்னறிவிப்பு அதற்கும் முன்னதாக ஒரு வாரத்தைக் கூட்டித் தருகிறது. அந்த வாரத்தில்தான் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகப் போக வேண்டும். ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு, மொட்டைமாடியில் கவிழ்க்காமல் கிடக்கும் டயர், மூடியில்லாத சிமெண்டுத் தொட்டி ஆகியவற்றில் தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பக்கச்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் என்பதால், நார் வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். மழை பொய்க்கும் என்ற கணிப்பும் சுகாதாரத் துறைக்கு நிம்மதி தரும் செய்தி அல்ல. குழாயில் தண்ணீர் வராத ஊரில் மக்கள் டிரம்களில் நாள்கணக்கில் சேமிப்பார்கள். கொசுவுக்கு அதுவே போதும்.

முன்னறிவிப்பு சரியாக இருந்தும் செயல் பிந்தினால் என்ன ஆகும் என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்கா காட்டியது. 2006இல் எல் நினோவால் (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) அங்குப் பெருமழை பெய்யும், அதைத் தொடர்ந்து கொசுக்கள் வழியாகக் கால்நடைகளையும் மனிதரையும் தாக்கும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் பரவும் என்று செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு சில வாரங்களுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கென்யாவில் நோய் உறுதியானது. ஆனால் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடும் பணி நோய் பரவத் தொடங்கிய பின்னரே நடந்தது.

இவ்வளவு செலவு செய்தபின் மழையே வராவிட்டால் என்ன செய்வது என்று அலுவலகங்களில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முன்னறிவிப்பு சில முறை பொய்க்கும். எனவே செலவில்லாத வேலைகளை மஞ்சள் எச்சரிக்கையிலேயே தொடங்கிவிட்டு, பள்ளிகளுக்கு விடுமுறை விடுவது, திறந்தவெளி வேலைகளை நிறுத்துவது போன்றவற்றைச் சிவப்பு எச்சரிக்கைக்கு ஒதுக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளை முன்கூட்டியே அனுப்பிவைத்து வெயில் தணிந்துவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை. அவை அடுத்த மாதம் வயிற்றுப்போக்குக்குப் பயன்படும்.

உங்கள் ஊரில் இதைத் தொடங்க வேண்டுமென்றால் புதிய கருவி எதையும் வாங்க வேண்டியதில்லை. நகராட்சியின் இறப்புப் பதிவேட்டிலிருந்து கடந்த பத்து ஆண்டுகளின் அன்றாட எண்ணிக்கையை எடுத்து, அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பகல், இரவு வெப்பநிலையோடும் ஈரப்பதத்தோடும் வரிசையாக வைத்துப் பாருங்கள். சிறிய ஊராக இருந்தால் அன்றாட எண்கள் மிகக் குறைவாக இருக்கும் என்பதால் மாவட்டம் முழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் புள்ளிக்கு மேல் இறப்புகள் ஏறத் தொடங்குகின்றனவோ அதுவே உங்கள் ஊரின் எச்சரிக்கை வரம்பு. அது தெரிந்தபிறகு யாருக்கு யார் போன் செய்வது என்பதை எழுதிவைக்கலாம்.