மைக்கை அழுத்தினால் ஜிபிஎஸ் போகிறதா? 13-ஆல் பெருக்கிப் பாருங்கள்

கேள்வி: டெக்ஸாஸில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு பழைய செஸ்னா 172 விமானம் வைத்திருக்கிறோம். விமான நிலையத்தை நெருங்கும்போது வழிகாட்டும் கட்டுப்பாட்டாளரை (அப்ரோச்) 121.2 மெகாஹெர்ட்ஸில் அழைத்துக் கொஞ்சம் நீளமாகப் பேசினால், பேனலில் இருக்கும் ஜிபிஎஸ் இடத்தைத் தொலைத்துவிடுகிறது. பேசி முடித்ததும் சிறிது நேரத்தில் தானாகத் திரும்பிவிடும். விமான நிலைய டவரோடு 118.7-ல் எவ்வளவு பேசினாலும் ஒன்றும் ஆவதில்லை. ஜிபிஎஸ் ஆன்டெனாவை மாற்றச் சொல்கிறார்கள். வெளியிலிருந்து யாரோ சிக்னலைக் கெடுக்கிறார்கள் என்பது ஒரு நண்பரின் கட்சி. எது சரி?

பதில்: ஆன்டெனாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன் கால்குலேட்டரை எடுங்கள். 121.2-ஐ 13-ஆல் பெருக்கினால் 1575.6. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் முக்கிய அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். அதன் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரு மெகாஹெர்ட்ஸ் வரை சிக்னல் பரந்திருக்கும். ஆக, நீங்கள் பேசுவது நேராக அதன் மடியில் போய் விழுகிறது. இப்போது டவரின் 118.7-ஐப் பெருக்குங்கள்: 1543.1. முப்பது மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளிப் போய்விட்டது. உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது.

வீணைத் தந்தியை மீட்டினால் அதன் சுருதியோடு மேல் சுரங்களும் மெலிதாகக் கேட்கும் அல்லவா? ரேடியோவும் அப்படித்தான். 121.2-ல் பேசும்போது அதன் இரண்டு மடங்கிலும் மூன்று மடங்கிலும் தொடங்கி மேலே மேலே மெல்லிய எதிரொலிகள் கிளம்பும். இவற்றை ஹார்மோனிக் என்பார்கள். ரேடியோ செய்பவர்கள் வடிகட்டி வைத்து இவற்றை அடக்குகிறார்கள், ஆனால் அடியோடு ஒழிக்க முடியாது.

அவ்வளவு மெலிந்தது எப்படி ஜிபிஎஸ்ஸைக் கவிழ்க்கும்? செயற்கைக்கோள் இருப்பது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து உங்கள் ஆன்டெனாவுக்கு வந்து சேர்வது ஒரு வாட்டில் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. உங்கள் ரேடியோ 10 வாட் என்று வையுங்கள். 13-ஆம் மடங்கு எதிரொலி அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்காக அடங்கியிருந்து, கூரை மேல் இரண்டடி கடப்பதற்குள் இன்னும் ஆயிரத்தில் ஒரு பங்காகத் தேய்ந்தாலும், செயற்கைக்கோள் சிக்னலைப் போலப் பத்து கோடி மடங்கு மிஞ்சும். திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்றுகொண்டு அடுத்த தெருவில் கிசுகிசுப்பதைக் கேட்கப் பார்க்கிற கதைதான்.

சரி, எப்படி உறுதி செய்வது? ஜிபிஎஸ் பொருத்துகிறவர்களின் கையேட்டில் ஆறு அலைவரிசைகள் இருக்கும்: 121.150, 121.175, 121.200, அப்புறம் 131.250, 131.275, 131.300. முதல் மூன்றும் 13 மடங்கில் வந்து இடிப்பவை, மற்றவை 12 மடங்கில். விமானத்தை ஹேங்கருக்கு வெளியே, வானம் திறந்திருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஜிபிஎஸ்ஸில் செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்து வைத்து, ஒவ்வோர் அலைவரிசையிலும் அரை நிமிடம் மைக்கை அழுத்திப் பிடித்து, சிக்னல் பட்டைகள் குட்டையாகின்றனவா என்று பாருங்கள். விமானத்தின் இரண்டு ரேடியோக்களான காம் 1, காம் 2 இரண்டிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றில் மட்டும் வந்தால் தேடும் இடம் பாதியாகக் குறையும். ஒரு எச்சரிக்கை: 121.2-ல் உங்கள் ஊர் கட்டுப்பாட்டாளர் உட்கார்ந்திருக்கிறார். அதில் அரை நிமிடம் பிடித்து அவர் காதை அடைக்காதீர்கள். பக்கத்து 121.175 போதும். அதிலும் யாரும் பேசவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, விமான எண்ணைச் சொல்லி, சோதனை என்று சொல்லிவிட்டு அழுத்துங்கள்.

பட்டைகள் விழுந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ரேடியோவை அல்ல, வாலுக்கு அருகில் வாயைத் திறக்காமல் கிடக்கும் ஈஎல்டியை. விபத்தானால் கூப்பிடும் அந்த பீக்கன் 121.5-க்குச் சுருதி சேர்த்தது. 121.2-ல் நீங்கள் பேசுவதை அதன் ஆன்டெனா ஆவலோடு வாங்கிக்கொள்ளும். பெட்டி அணைந்திருந்தாலும் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் அதை நெளித்து, ஹார்மோனிக் சேர்த்து அதே ஆன்டெனா வழியே திருப்பி விடும். ஒரு முறை ஒரு விமானத்தில் ஜிபிஎஸ் ஆன்டெனாவை இரண்டு தடவை மாற்றிய பிறகுதான் இது எனக்கே உறைத்தது. அந்தச் செலவை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

எனவே ஈஎல்டியின் ஆன்டெனா கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றச் சொல்லி, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கோளாறு மறைந்தால் திருடன் அகப்பட்டான். அந்தக் கேபிளில் 1575.42-ஐ மட்டும் தடுக்கும் சிறிய வடிகட்டி ஒன்றைப் போட்டால் போதும். மறையவில்லை என்றால் அதே வகை வடிகட்டியை ரேடியோவின் ஆன்டெனா கேபிளில் போட்டுப் பார்க்கலாம். ஜிபிஎஸ் ஆன்டெனாவும் ரேடியோ ஆன்டெனாவும் இரண்டடிக்கும் குறைவான தூரத்தில் இருந்தால் இடம் மாற்றுவதே நல்லது. ஆன்டெனாவின் அடியில் துருப்பிடித்த திருகு, கேபிள் முனையில் தளர்ந்த இணைப்பு இவையும் இதே விஷமத்தைச் செய்யும். இதெல்லாம் உரிமம் பெற்ற மெக்கானிக் செய்து பதிவேட்டில் எழுத வேண்டிய வேலை. நீங்கள் ஸ்குரூடிரைவரை எடுக்க வேண்டாம்.

உங்கள் நண்பரின் சந்தேகத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2022 அக்டோபரில் டல்லாஸ் ஃபோர்ட்வொர்த் பகுதியில் ஏறக்குறைய இரண்டு நாள் ஜிபிஎஸ் குழம்பிப் போனது உங்கள் மாநிலத்தில்தான். நியூவர்க் விமான நிலையத்தில் விமானங்கள் தரையிறங்க உதவும் ஜிபிஎஸ் அமைப்பைக் குழப்பியது ஒரு பிக்கப் வண்டி. முதலாளி தன் இருப்பிடத்தைப் பார்க்கக் கூடாது என்று ஓட்டுநர் ஒரு தடுப்புக் கருவியைச் செருகியிருந்தார். 2013-ல் அவருக்கு 31,875 டாலர் அபராதம் என்று நோட்டீஸ் அனுப்பினார்கள். நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் பக்கம் ராணுவம் சோதனை நடத்தினால் விமானிகளுக்கான அறிவிப்பான நோட்டமில் முன்பே வரும். ஆனால் இந்த இடையூறுகளுக்கு உங்கள் மைக் பட்டன் எப்போது அழுத்தப்படுகிறது என்று தெரியாது. அந்தப் பகுதியில் பறக்கும் மற்றவர்களுக்கும் சேர்ந்துதான் வரும். மைக்கோடு சம்பந்தமில்லாமல் உங்கள் விமானத்தில் மட்டும் வந்தால், சிகரெட் லைட்டர் துளையில் செருகிய மலிவு சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டிய கேமராவையும் அணையுங்கள்.

சரிசெய்யும் வரை 121.2-ல் சுருக்கமாகப் பேசுங்கள், அல்லது தொல்லை தராத ரேடியோவைப் பயன்படுத்துங்கள். தரை நிலையத்தின் ரேடியோ சிக்னலை வைத்துத் திசை காட்டும் விஓஆரைச் சும்மா விடாமல் ட்யூன் செய்து வையுங்கள். மேகத்துக்குள் ஜிபிஎஸ்ஸை நம்பி இறங்கும் வேலை வேண்டாம். ஏடிஎஸ்-பி கருவி உங்கள் இருப்பிடத்தைக் கட்டுப்பாட்டாளருக்குச் சொல்வதும் இதே ஜிபிஎஸ்ஸை வைத்துத்தான் என்பதால், உங்கள் திரை தடுமாறும்போது கட்டுப்பாட்டாளரின் திரையிலும் நீங்கள் விட்டு விட்டுத் தெரியலாம். அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சோதனை முடிந்ததும் கழற்றிய ஈஎல்டி கேபிளைத் திரும்ப மாட்டியாயிற்றா என்று நீங்களே போய்ப் பார்த்துவிட்டு மூடியை மூடச் சொல்லுங்கள்.