அந்த யானைக்கு ஆறு கால்

கேள்வி:

அக்கா, செங்கோட்டை தாண்டி புளியரை பக்கம் ஒரு நர்சரி ஸ்கூல்ல எல்கேஜி டீச்சரா இருக்கேன். எட்டு வருஷமாச்சு. 22 பிள்ளைங்க, பாதிப்பேர் ஆரியங்காவு பக்கத்துலருந்து வர்ற மலையாளம் பேசுற பிள்ளைங்க. சம்பளம் 8,500. என் பிரச்சனை என் அத்தை. நான் விளக்கி வச்ச பாத்திரத்தை எடுத்து மறுபடி விளக்குறாங்க. காலையில நான் போட்ட கோலத்துல தண்ணிய ஊத்தி அழிச்சிட்டு அவங்க போடுறாங்க, கேட்டா கம்பி கோணலா இருக்குங்காங்க. இவுககிட்ட சொன்னா, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் பசையும் பேப்பருமா உக்காந்திருந்தா அம்மா என்னதான் செய்வாங்கன்னு என்னையே கேக்காக. பிள்ளைங்க செய்யுற கிராஃப்ட் கோணல்மாணலா வருது, வீட்டுக்குக் கொண்டுவந்து சரி பண்ணித்தான் சுவர்ல ஒட்ட முடியும், மேடம் ஃபோட்டோ எடுத்து பேரன்ட்ஸ் குரூப்ல போடுவாங்க. போன வாரம் ஒரு பய யானைக்கு ஆறு கால் ஒட்டிருந்தான், ரெண்டைப் பிச்சுட்டு தும்பிக்கையையும் மாத்தி ஒட்டினேன். மறுநாள் அவனுக்கு அவன் யானையே தெரியல, சுவர் பூரா தேடிக்கிட்டே நின்னான், எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. தோட்டத்துலயும் முளைக்காத குழிக்கு நானே நாத்து வாங்கி வச்சிருவேன். சார்ட், கிளிட்டர், ஃபோம் ஷீட்டுன்னு மாசம் 1,500 என் கைக்காசு போகுது, வீட்டுல 500ன்னு சொல்லிருக்கேன். இவ்வளவு உழைச்சும் அத்தைக்கு மதிப்பில்ல. என் மகளை அவங்கதான் பாத்துக்குறாங்க, இருந்தாலும் தனியா போயிரலாமான்னு இருக்கு. என்ன செய்ய?

பதில்:

சிரிப்பு வந்துச்சா உனக்கு?

மாமியார் மருமக கடிதம் எனக்கு வாரம் தவறாம வருது, பாத்திரம், கோலம், குழம்புல உப்பு, எல்லாம் படிச்சாச்சு, உனக்கும் அந்தப் பதிலைத்தான் எழுத உக்காந்தேன். ஆனா அந்த யானை வரியைத் தாண்டி என்னால போக முடியல. நாலு வயசுப் பய, தன் கையால செஞ்ச ஒண்ணை சுவர்ல தேடுறான். அது அவன் கண்ணுக்கு நேராத்தான் தொங்குது, கீழ அவன் பேரை நீ எழுதி வச்சிருப்ப, ஆனா அவனுக்கு இன்னும் பேரு வாசிக்கத் தெரியாதே, யானையை வச்சுத்தான தேடுவான், அந்த யானையோ அங்க இல்ல. ராத்திரியோட ராத்திரியா உங்க வீட்டுல காணாமப் போயிருச்சு. பிள்ளை திகைச்சுப்போய் நிக்குது, பெரியவங்க நீங்கல்லாம் சுத்தி நின்னு சிரிச்சிருக்கீங்க.

இப்ப உன் கடிதத்தோட ஆரம்பத்தை நீயே ஒருவாட்டி படிச்சுப் பாரு. விடிகாலையில எந்திச்சு வாசத் தெளிச்சு, குனிஞ்சு புள்ளி வச்சுப் போட்ட கோலம், உள்ள போயிட்டு வந்து பாத்தா தண்ணியில கரைஞ்சு ஓடுது. உனக்கு வயிறு எரியுது, தனிக்குடித்தனம் வரைக்கும் யோசனை ஓடுது. சம்பாதிக்கிற, நாலு எழுத்து படிச்ச, எனக்கு லெட்டர் போடத் தெரிஞ்ச உனக்கே இப்படின்னா அந்தப் பய யாருக்குப் போடுவான் லெட்டர்? உன் அத்தை உனக்கு செய்யுறதைத்தான் நீ எட்டு வருஷமா வருஷத்துக்கு இருபது பிள்ளைங்களுக்கு செஞ்சுட்டு வர்ற. அத்தையாவது பகல்ல, உனக்குத் தெரிஞ்சு, கம்பி கோணல்னு வாய்விட்டு சொல்லிட்டுச் செய்யுறாங்க. நீ அந்தப் பிள்ளைங்க தூங்குன பிறகு செய்யுற.

கோபம் வந்தா வரட்டும், படி.

ஏன் ஆறு கால்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? ஆரியங்காவு பக்கத்துப் பிள்ளையா இருந்தா காட்டு யானை வந்த கதையெல்லாம் வீட்டுப் பெரியவங்க பேசக் கேட்டே வளர்ந்திருப்பான். பின்னாடி குட்டி நிக்குது டீச்சர், அதோட ரெண்டு கால் மட்டும்தான் தெரியுதுன்னு சொல்லிருப்பானோ என்னவோ. இல்ல யானை ஓடுது, அதான் கால் நிறையன்னு சொல்லிருப்பானோ. பசை ஒட்டுற சந்தோஷத்துல கையில இருந்த துண்டையெல்லாம் ஒட்டிருந்தாலும் சரி, அதுவும் அவன் செஞ்சதுதான். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

கோணல் கோணல்ங்கியே, அந்தக் கோணல் என்னன்னு உனக்கு டிரெயினிங்ல சொல்லித் தந்திருப்பாங்க, மறந்துட்ட. மூணு வயசு வாக்குல பிள்ளை பாத்து வட்டம் போடும், நாலு வயசுல கூட்டல் குறி வரும், சதுரம் அதுக்குக் கொஞ்சம் பின்னாடி, முக்கோணம் அஞ்சு வயசு வாக்குல. மனுஷனை வரையச் சொன்னா தலையிலருந்தே காலும் கையும் முளைக்கும், எந்த ஊர்ப் பிள்ளைக்கும் அப்படித்தான். கத்திரிக்கோல் ஒரு கோட்டைப் பிடிச்சுப் போக நாலு வயசாவது ஆகணும். ஜூன்ல ஒரு பிள்ளை வெட்டுன தாளையும் பிப்ரவரியில அதே பிள்ளை வெட்டுன தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சா அந்த விரல் என்ன படிச்சிருக்குன்னு தெரியும். எந்தப் பிள்ளைக்கு விரல்ல இன்னும் பலம் வரல, யாருக்குக் கண்ணைக் காட்டணும்னு கூட அதுல ஒரு டீச்சர் கண்டுபிடிக்கலாம். நீ எல்லாத்தையும் ராத்திரி நேராக்கிட்டா 22 தாளும் உன் கைதான், அதுல நீ யாரைப் பத்தி என்னத்தைத் தெரிஞ்சுக்குவ?

சின்னப் பிள்ளைங்க படிப்புக்குன்னே தனி முறை கண்ட இத்தாலிக்கார அம்மா மரியா மாண்டிசோரி 1939ல அடையாறுக்கு வந்து நம்ம நாட்டு டீச்சர்மாருக்குப் பயிற்சி கொடுத்தாங்க, யுத்தம் வந்து ஊர் திரும்ப முடியாம கொடைக்கானல்ல கூட கொஞ்ச காலம் இருந்தாங்க. அவங்க பள்ளிக்கூடத்து மர உருளைங்களைப் பாத்திருப்ப, ஒரு கட்டையில வரிசையா குழி, ஒவ்வொரு குழிக்கும் ஒரே ஒரு உருளைதான் சரியா உக்காரும். தப்பா வச்சா கடைசி உருளை பொருந்தாம நிக்கும், பிள்ளையே பாத்துட்டு எடுத்து மாத்தி வைக்கும். தப்பைக் கட்டையே சொல்லிரும், டீச்சர் வாயைத் திறக்கவே வேண்டாம். ராத்திரி அதை யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி சரி பண்ணவும் வேண்டாம்.

தோட்டக் கதை இதைவிட மோசம். முளைக்காத குழியில கடையில வாங்குன நாத்தை நட்டுட்டு, பாரு உன் விதை முளைச்சிருச்சுன்னுதான பிள்ளைகிட்ட சொல்லிருப்ப? விதை போட்ட பிள்ளைகிட்ட பொய் சொல்றதுக்கு ஒரு தோட்டமா? முளைக்கலைன்னா பிள்ளையைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் கிளறிப் பாருங்க, ரெண்டு பேரும் சேர்ந்து. அழுகிருக்கும், இல்ல எறும்பு இழுத்திருக்கும், இல்ல ரொம்ப ஆழத்துல போயிருக்கும். உங்க பக்கம் ஆனி ஆடியில மலையிலருந்து சாரல் அடிச்சுக்கிட்டே இருக்கும், மண்ணு காயவே காயாது, அதுல 22 பிள்ளைங்களும் ஆளுக்கொரு கப்பு தண்ணி ஊத்துனா விதை அழுகாம என்ன செய்யும். சிரட்டையில ஆணியால நாலஞ்சு ஓட்டை போட்டுக் கொடு, ஒரு சிரட்டைத் தண்ணிதான் ஒரு குழிக்குன்னு வச்சிரு. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றதை அப்படியே செய், வெண்டை விதையை ராத்திரி ஊறப்போட்டு ஊனுனா நாலஞ்சு நாள்ல தலை நீட்டும், தட்டப்பயறும் அப்படித்தான், ஒண்ணரை ரெண்டு மாசத்துல காய் பறிச்சு பிள்ளைங்க வீட்டுக்குக் கொண்டு போகலாம். சிறுகீரை தூவுனா 25 நாள்ல அறுக்கலாம். பாகல் வேண்டாம், ஓடு கட்டி, முளைக்க ஒரு வாரம் பத்து நாளாகும், இந்த வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு நாள் காத்திருக்கப் பொறுமை கிடையாது.

காசு விஷயம். 1,500 செலவழிச்சுட்டு 500ன்னு சொல்றது உங்க வீட்டு மனுஷர்கிட்ட பொய் சொல்றது, நல்ல காரியத்துக்குன்னு சொல்லி அதை நீ வெள்ளையாக்க முடியாது. ஸ்கூலுக்கு வேண்டிய சாமான் ஸ்கூல்தான் வாங்கித் தரணும், மேடத்துகிட்ட போயி பட்ஜெட் கேளு, இல்லைன்னு சொன்னா அந்த கிளிட்டர் இல்லாம நடத்து, அவ்வளவுதான். நீ 8,500ல 1,500ஐ உள்ள போடப் போட அவங்க கேக்கவே மாட்டாங்க. பிள்ளைங்களுக்கு வேண்டியது என்ன பெரிசா? ரெண்டு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு தூள் உப்பு, கொஞ்சம் எண்ணெய், தண்ணி தெளிச்சுப் பிசைஞ்சா உருட்ட மாவு ஆச்சு, மஞ்சள்தூள் ஒரு உருண்டைக்கு, பீட்ரூட் சாறு ஒரு உருண்டைக்கு. மஞ்சள்ல துளி சுண்ணாம்பு சேந்தா ஆரத்தித் தண்ணி மாதிரி சிவக்கும், அதை நீயே கலந்து தூரத்துல வச்சுக் காட்டு, சுண்ணாம்பைப் பிள்ளை கையில கொடுக்காத. சங்குப்பூவைச் சுடுதண்ணியில போட்டு நீலம் இறக்கி வச்சிரு, பிள்ளை கையாலயே எலுமிச்சம்பழம் பிழியச் சொல்லு, ஊதாவா மாறும்போது அது முகத்தைப் பாரு. மைதாப் பசை நீ காய்ச்சு, ஆனா போஸ்டர் ஒட்டுறவங்க போடுற மாதிரி மயில்துத்தம் போட்டுறாத, அது விஷம், பசையை நக்காத பிள்ளை இருக்கா? தென்னோலையில காத்தாடி, கிலுகிலுப்பை, பூவரச இலையில பீப்பீ, இதெல்லாம் காசா பணமா.

எழுத வந்ததை மறக்கதுக்கு முன்னாடி இதையும் சொல்லிருதேன், பிள்ளையார் கண்ணுக்கு வைக்கிற குன்றிமணியை கிராஃப்ட்டுக்கு எடுத்துட்டு வராத. அழகா இருக்கும், கடிச்சு முழுங்குனா உயிருக்கே ஆபத்து. குருவாயூர்ல உருளியில பிள்ளைங்க வாரி விளையாடுற மஞ்சாடிக்குரு வேற, இது வேற, உன் மலையாளத்துப் பிள்ளைங்க ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கலாம். எந்தக் கொட்டையா இருந்தாலும் இந்த வயசுக்கு மூக்குல போகும் தொண்டையில போகும், ஆமணக்கு முத்து கிட்டயே வரக்கூடாது.

பேரன்ட்ஸ் குரூப்புக்கு வர்றேன். பிள்ளை பேரை எழுதி உன் கைவேலையை ஒட்டுனா அது பெத்தவங்களுக்குச் சொல்ற பொய், உன் வேலைக்கே பொய். ஆரியங்காவுல ஒரு அம்மா அதைப் பாத்துட்டு என் மகன் செஞ்சதுன்னு ஊர் பூரா காட்டுவா, வீட்டுல அவனை செய்யச் சொல்லுவா, அவனுக்கு வராது, அப்ப அடி விழுறது யாருக்கு? அடுத்த மீட்டிங்ல நீயே எந்திச்சு சொல்லு, இனிமே சுவர்ல இருக்கறது பிள்ளைங்க செஞ்சது, கோணலாத்தான் இருக்கும்னு. மேடம் முகம் சுளிச்சா சுளிக்கட்டும், ஓணம் வருதுல்ல, அங்கருந்து ஆரம்பி. அத்தத்துலருந்து திருவோணம் வரைக்கும் பத்து நாள், நம்ம தென்காசிப் பக்கம் விளையுற கேந்திப்பூதான மலை தாண்டிப் போகுது, ரெண்டு கிலோ வாங்கி தரையில ஒரு வட்டம் மட்டும் நீ போட்டுக் கொடு, உள்ள அவங்க என்ன செஞ்சாலும் கை வைக்காத. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நில்லு. உனக்கு அது ரொம்பக் கஷ்டமா இருக்கும்னு எனக்குத் தெரியும்.

அத்தைக்கு வர்றேன், கடைசியா. தனிக்குடித்தனம் கூடாது. கோலத்துக்காகக் குடும்பத்தைப் பிரிக்கிறதை நான் ஒத்துக்கவே மாட்டேன், காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் உன் பிள்ளையை நம்பி விட்டுட்டு நீ ஊரான் பிள்ளையைப் பாக்கப் போறியே, யார் தயவுல? ஆனா அவங்க செய்யுறது தப்பு, அதையும் சொல்றேன், ஒருத்தர் போட்ட கோலத்தை அழிக்க வயசு ஒரு உரிமை கிடையாது. அதை மகன்கிட்ட சொல்லி தூது விடாத, அவர் நடுவுல நின்னு நாட்டாமை பண்ண வேண்டாம், ராத்திரி பாத்திரத்தை அவர் விளக்கட்டும், அதுதான் அவர் பங்கு. நீ நேரா அத்தை முன்னாடி உக்காரு. அத்தை, நான் போட்டதை நீங்க அழிக்கும்போது நான் இந்த வீட்டுக்காரியே இல்லாத மாதிரி இருக்குன்னு சொல்லு. செவ்வாய் வெள்ளி உங்க கோலம், மத்த நாள் நான் போட்டது எப்படி இருந்தாலும் சாயங்காலம் வரைக்கும் கிடக்கட்டும்னு கேளு. குரலை உசத்தாம கேளு. மூஞ்சியைத் தூக்குவாங்க, ரெண்டு நாள் பேச மாட்டாங்க, பரவால்ல, இத்தனை வருஷமா நீ பேசாம இருந்ததைவிட அது மேல்.

ஆனா அந்தப் பேச்சை யானை வேலை முடிஞ்ச பிறகு பேசு, அதுக்கு முன்னாடி பேசாத, உன் வாயில அந்த வார்த்தை நிக்காது. திங்கக்கிழமை காலையில முதல் வேலையா அந்தப் பயலைப் பக்கத்துல கூப்பிட்டு, அவன் உயரத்துக்குக் குனிஞ்சு, உன் யானையில டீச்சர் கை வச்சுட்டேன், தப்புன்னு சொல்லு. அவனுக்குத் தமிழ் சரியா வராதுன்னா மலையாளத்துல சொல்லு, எட்டு வருஷத்துல அந்த அளவு கத்திருப்ப. புதுத் தாளும் பசையும் கொடு. அந்த ரெண்டு காலை நீ குப்பையில போட்டிருப்ப, அதனால கால் வெட்டுற அட்டை மட்டும் நிறைய கொடு, அவனுக்கு எத்தனை வேணுமோ அத்தனை.