முன்னுரிமை நாள் கையில் இருக்கிறது, கோப்பு மட்டும் ஏன் நகரவில்லை?

கேள்வி: சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு வராமல் தடுக்கும் ஒரு சிறு வால்வை வடிவமைத்திருக்கிறேன். காப்புரிமைக்கு விண்ணப்பித்துப் பத்து மாதம் ஆகிறது. விண்ணப்பத்தைப் போட்டுக்கொடுத்த தரகர், "உங்களுக்கு முன்னுரிமை வாங்கியாச்சு, இனி உலகம் முழுக்கப் பாதுகாப்பு" என்றார். ஆனால் என் கோப்பை இதுவரை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கும் என் அக்கா, "முன்னுரிமைன்னா முதல்ல எடுத்துப் பார்க்கணுமே, உன்னை ஏமாத்துறாங்க" என்கிறார். இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் முன்னுரிமையை உயர்த்தலாம் என்று தரகர் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்கா சொல்வது அவருடைய வார்டில் நூற்றுக்கு நூறு சரி. அங்கே காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்திருக்கும் சுளுக்குக்காரர் காத்திருப்பார். பத்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர் நேராக உள்ளே போவார். யார் முந்தி வந்தார் என்பதை விட யாருக்கு அவசரம் என்பதுதான் அங்கே கணக்கு. காப்புரிமையில் அதே சொல் அப்படியே தலைகீழாகிவிடுகிறது. யாருக்கு அவசரம் என்று யாரும் கேட்பதில்லை. யார் முந்தி வந்தார் என்பது மட்டும்தான் கேள்வி. தமிழ்ச் சொல்லைப் பிரித்தாலே இது தெரியும்: முன் இருந்ததால் வந்த உரிமை. பேச்சு வழக்கில் நாம்தான் அதைச் சலுகை ஆக்கிவிட்டோம்.

உயிரினங்களுக்குப் பெயர் வைப்பவர்களும் உங்கள் கட்சிதான், அக்கா கட்சி அல்ல. 1877-இல் மார்ஷ் என்ற அறிஞர் ஒரு டைனோசருக்கு அபடோசாரஸ் என்று பெயர் வைத்தார். 1879-இல் இன்னொரு எலும்புக்கூட்டைப் பார்த்து பிரான்டோசாரஸ் என்றார். இரண்டும் ஒரே பேரினம்தான் என்று 1903-இல் எல்மர் ரிக்ஸ் என்ற ஆய்வாளர் எழுதியதும் பழைய பெயர் நின்றது, ஊரெல்லாம் பிரபலமான புதிய பெயர் விழுந்தது. (இல்லை, இரண்டும் வேறு வேறுதான் என்று 2015-இல் ஓர் ஆய்வு மறுபடி கிளப்பியது. அது தனிக் கதை.) சாலைச் சந்திப்பில் யார் முதலில் போகலாம், திவாலான கடன்காரரின் சொத்திலிருந்து யாருக்கு முதலில் பணம் என்பதற்கெல்லாம் முன்னுரிமைக்கு வேறு வேறு அளவுகோல்கள் உண்டு. உங்களுக்கு அவை வேண்டாம்.

சரி, உங்கள் கையில் இருப்பது என்ன? ஒரு தேதி. அவ்வளவுதான். அந்தத் தேதியின் மதிப்பு 1883-இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து வருகிறது. நீங்கள் முதல் விண்ணப்பத்தை மார்ச் 14 அன்று போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 3 அன்று வேறொருவர் இதே போன்ற வால்வுக்கு இன்னொரு நாட்டில் விண்ணப்பிக்கிறார். நீங்கள் அந்த நாட்டுக்குப் போவது அடுத்த பிப்ரவரியில். சாதாரணமாகப் பார்த்தால் அவர் எட்டு மாதம் முந்திவிட்டார். ஆனால் முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்துக்குள் நீங்கள் போய், பழைய தேதியைச் சொல்லி முன்னுரிமை கோரினால், புதுமை இருக்கிறதா என்று பார்க்கும்போது உங்களை மார்ச் 14 அன்றே வந்தவராக எண்ணுவார்கள். ஜூன் 3 காரர் பின்னால் போய்விடுவார். வணிகச் சின்னத்துக்கும் வடிவமைப்புக்கும் இந்தக் காலம் 6 மாதம்தான். அதை உங்களோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கோப்பு எப்போது மேசைக்கு வரும் என்பதற்கும் இந்தத் தேதிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சீக்கிரம் பார்க்கச் சொல்வதற்குப் பல நாடுகளில் துரிதப் பரிசீலனை என்று தனி மனு இருக்கிறது. அதற்குத் தனி நிபந்தனை, தனிக் கட்டணம். 'முன்னுரிமையை உயர்த்துவது' என்று ஒரு சேவை எங்கேயும் கிடையாது. தேதியை யாராலும் உயர்த்த முடியாது, இழக்க மட்டும்தான் முடியும். இரண்டு வேறு விஷயங்களுக்குப் பேச்சிலும் சில இடங்களில் படிவத்திலும் ஒரே சொல்லைப் புழங்கவிட்டிருக்கிறார்களே, அந்தக் குழப்பத்தில்தான் உங்கள் தரகர் மாதிரி ஆட்கள் பிழைக்கிறார்கள். ஒருமுறை ஓர் அலுவலகத்துக்கு இதைப் பற்றி எழுதிக் கேட்டேன். 'தங்கள் கடிதம் முன்னுரிமை அடிப்படையில் பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

'உலகம் முழுக்கப் பாதுகாப்பு' என்பதும் பொய். உலகக் காப்புரிமை என்று ஒன்று கிடையாது. 1970-இல் கையெழுத்தான காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் கீழ், பி.சி.டி. என்பார்கள், ஒரே விண்ணப்பமாகப் போட்டுப் பல நாடுகளில் இடம் பிடித்து வைக்கலாம். அதிலும் முன்னுரிமை நாளிலிருந்து பொதுவாக 30 மாதத்துக்குள் ஒவ்வொரு நாட்டுக் கதவையும் தனித்தனியாகப் போய்த் தட்டத்தான் வேண்டும். அந்த விண்ணப்பம் முன்னுரிமை நாளிலிருந்து 18 மாதம் கழிந்ததும் வெளியாகும். உடனே முத்திரை, சின்னம், பெரிய பெரிய எழுத்து எல்லாம் போட்டு ஏமாற்று நிறுவனங்களிடமிருந்து உங்களுக்குத் தாள்கள் வரத் தொடங்கும்: 'சர்வதேசப் பதிவுக் கட்டணம் செலுத்துக'. உலக அறிவுசார் சொத்து அமைப்பே இவற்றைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அவர்கள் சொல்லும் பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இன்னொரு பொறி, இதில் நல்ல ஆட்களே விழுகிறார்கள். முன்னுரிமை உங்கள் யோசனைக்குக் கிடைப்பதில்லை, தாளில் எழுதியதற்குத்தான் கிடைக்கிறது. என்னிடம் வந்த ஒருவர் முதல் விண்ணப்பத்தை இரண்டே பக்கத்தில் போட்டிருந்தார். அடைப்பைத் தள்ள ஒரு ரப்பர் நாக்கு என்று அதில் இருந்தது. எட்டு மாதம் கழித்து ரப்பருக்குப் பதில் சுருள்வில் வைத்தார், உண்மையில் வேலை செய்ததும் அதுதான். வெளிநாட்டு விண்ணப்பத்தில் சுருள்வில்லைச் சேர்த்துவிட்டு, பழைய தேதி அதற்கும் பொருந்தும் என்று நிம்மதியாக இருந்தார். பொருந்தவில்லை. ரப்பருக்குப் பழைய தேதி, சுருள்வில்லுக்குப் புதிய தேதி. இடையில் இன்னொருவர் சுருள்வில்லோடு வந்திருந்தார். 'இப்போதைக்கு ரெண்டு பக்கம் போதும் சார், தேதி கிடைச்சா சரி' என்று அவருக்குச் சொன்னதும் ஒரு தரகர்தான்.

பத்து மாதம் ஆகிவிட்டது, வெளிநாட்டுச் செலவுக்குப் பணம் இல்லை, முதல் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிட்டு மறுபடி போட்டால் 12 மாதம் புதிதாக ஓடுமா என்று அடுத்து உங்களுக்குத் தோன்றும். எல்லாருக்கும் தோன்றுகிறது. பொதுவாக ஓடாது, கடிகாரம் முதல் விண்ணப்பத்திலிருந்துதான். ஆனால் பாரிஸ் உடன்படிக்கையில் இதற்கு ஒரு சிறிய கதவு இருக்கிறது. புதிய விண்ணப்பம் அதே நாட்டில், அதே பொருளுக்கு இருக்க வேண்டும். அதைப் போடும் நேரத்தில் பழையது ஏற்கெனவே வாபஸ் ஆகியிருக்க வேண்டும், அல்லது கைவிடப்பட்டோ நிராகரிக்கப்பட்டோ இருக்க வேண்டும். பழையது பொதுமக்கள் பார்வைக்கு வந்திருக்கக் கூடாது. அதிலிருந்து எந்த உரிமையும் மிச்சம் நிற்கக் கூடாது. அதை வைத்து எங்கேயும் முன்னுரிமை கோரியிருக்கவும் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் கதவு மூடிக்கொள்ளும். காலையில் புதியதைப் போட்டுவிட்டு மாலையில் பழையதை வாபஸ் வாங்குகிறார்களே, அதோடு கதை முடிந்தது. வரிசை முக்கியம்: முதலில் வாபஸ், அதற்கான சான்று கையில், அப்புறம் புதியது. எல்லாம் சரியாக நடந்தாலும் பழைய மார்ச் 14 போயே போய்விடும், மேலே சொன்ன ஜூன் 3 காரர் உங்களுக்கு முன்னால் வந்துவிடுவார். இந்தப் பத்து மாதத்தில் வால்வை எங்காவது கண்காட்சியில் வைத்திருந்தால், விற்றிருந்தால், காணொளி போட்டிருந்தால், பல நாடுகளில் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். அதனால் இந்தக் கதவைத் தொடுவதற்கு முன் ஒரு காப்புரிமை வழக்கறிஞரிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். தரகரிடம் பேசாதீர்கள்.

பன்னிரண்டாம் மாதம் கடைசி நாள் அலுவலகம் விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள் வரை இடம் உண்டு. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். தரகரிடமிருந்து விண்ணப்ப எண், தாக்கல் ரசீது, போட்ட விவரக்குறிப்பின் முழு நகல் மூன்றையும் வாங்குங்கள். "ஆபீஸ்ல இருக்கு, அப்புறம் தர்றேன்" என்றால் விடாதீர்கள். ரசீதில் 'விண்ணப்பதாரர்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வசதிக்காக என்று சொல்லித் தன் பெயரையோ தன் நிறுவனத்தின் பெயரையோ போட்டுவிடும் தரகர்களை நான் பார்த்திருக்கிறேன். முன்னுரிமை கோரும் உரிமை அந்த விண்ணப்பதாரருக்கோ, அவரிடமிருந்து எழுதி வாங்கியவருக்கோதான். அங்கே உங்கள் பெயர் இல்லாவிட்டால், வெளிநாட்டில் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே உரிமை மாற்றப் பத்திரத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.