அரபு நாடுகளின் எல்லைகளை வரைந்தது சைக்ஸ்-பிக்கோ ஒப்பந்தம்தானா?

பாதிதான் உண்மை. 1916-ல் பிரிட்டனும் பிரான்சும் ரகசியமாகப் போட்ட அந்த ஒப்பந்தப்படி மோசுல் நகரம் பிரான்சின் பங்கு. ஆனால் இன்று அது ஈராக்கில் இருக்கிறது. 1918 டிசம்பரிலேயே பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் அதை பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோவிடம் கேட்டு வாங்கிவிட்டார். வளைகுடாப் பக்கத்து எல்லைகளோ வேறு கதை.

குவைத்தில் சில வருடம் வேலை பார்த்தேன். தெற்கே வஃப்ரா வரை பலமுறை வண்டியில் போயிருக்கிறேன். ஆறு இல்லை, மலை இல்லை, கண்ணுக்கு எட்டிய வரை ஒரே மணல். இங்கே எதை வைத்து எல்லை பிரித்தார்கள் என்று தேடப்போய்த்தான் உகைர் பற்றித் தெரிந்தது.

உகைர் இன்றைய சவுதியின் கிழக்குக் கரையில் இருக்கும் பழைய துறைமுகம். 1922 கடைசியில் ஈராக்கின் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் பெர்சி காக்ஸ், நடு அரேபியாவின் நஜ்த் பகுதியை ஆண்ட, பின்னாளில் சவுதி அரேபியாவின் மன்னரான இப்னு சவூதை அங்கே சந்தித்தார். ஈராக்குக்கு ஓர் அமைச்சர் வந்திருந்தார். குவைத்தின் ஷேக் அகமது மட்டும் இல்லை. அவருக்காகப் பேச வேண்டியவர் மேஜர் மோர், அவரும் பிரிட்டிஷ் அதிகாரிதான்!

எந்தக் குலம் யாருக்குக் கட்டுப்பட்டதோ, அதன் கிணறும் மேய்ச்சல் நிலமும் அவருக்கே என்பது இப்னு சவூதின் வாதம். அவருக்கு லாபமான வாதம்தான். ஆனாலும் மழையைத் தேடி ஆடு, ஒட்டகத்தோடு அலைந்த பதூயின் மக்கள் நிலத்தை அப்படித்தான் பார்த்தார்கள். நிலையான கோடு வேண்டும் என்றது பிரிட்டன். ஆறாவது நாளும் பேச்சு முடியாமல் போக, காக்ஸ் சிவப்புப் பென்சிலை எடுத்து வரைபடத்தில் தானே கோடு போட்டுவிட்டார் என்று அங்கே கூடவே இருந்த டிக்சன் என்ற அதிகாரி எழுதியிருக்கிறார். இப்னு சவூத் கேட்ட நிலத்தில் பெரும்பகுதி ஈராக்குக்குப் போனது. அதற்கு ஈடாக அவருக்குக் கிடைத்தது குவைத்தின் நிலம். 1913-ல் பிரிட்டனே குவைத்துக்கு என்று ஒப்புக்கொண்டதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு!

கிணறுகளும் மேய்ச்சலும் பொதுவில் இருக்கட்டும் என்று இரண்டு நடுநிலை மண்டலங்களையும் விட்டுவைத்தார்கள். வஃப்ரா அதில் ஒன்றுக்குள் வருகிறது. 1953-ல் அங்கே எண்ணெய் கிடைத்தது. பின்னால் நிலத்தைப் பிரித்துக்கொண்டாலும் எண்ணெயில் குவைத்துக்குப் பாதி, சவுதிக்குப் பாதி என்பது இன்றும் தொடர்கிறது.

எனக்கு ஆறாதது ஷேக் அகமதின் நிலைமைதான். பிறகு காக்ஸே குவைத்துக்குப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவருக்கு, நாங்கள் கொடுக்காவிட்டால் இப்னு சவூத் தானே எடுத்துக்கொண்டிருப்பார் என்பதுதான் கிடைத்த பதில்.