3 வெற்றியிலிருந்து 11 வெற்றிக்கு: இந்தியானா அணி ஒரே ஆண்டில் எப்படி மாறியது?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) இந்தியானா பல்கலைக்கழகம் காலங்காலமாகத் தோற்றுவந்த அணி. 2023-இல் 12 ஆட்டங்களில் 3 வெற்றிதான்.

அந்த ஆண்டுக் கடைசியில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்தார். தனியாக வரவில்லை, அங்கே தன்னிடம் ஆடிய 13 பேரும் கூடவே வந்தார்கள். என் கணிப்பில் இதுதான் முக்கியக் காரணம். கல்லூரி மாறும் வீரர் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும் என்ற பழைய விதி இப்போது இல்லை. அதனால் அவருடைய ஆட்டமுறை ஏற்கெனவே பழகியவர்கள் முதல் நாளே களமிறங்கினார்கள். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் இடத்துக்கு ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் கர்ட்டிஸ் ரோர்க் கிடைத்தார். நடுவில் கட்டைவிரலில் அறுவை சிகிச்சை, ஒரே ஒரு ஆட்டத்தைத் தவறவிட்டுத் திரும்பிவிட்டார். எவ்வளவு பெரிய மனத்திடம்!

முதல் 10 ஆட்டங்களும் வெற்றி. அதுவரை ஒரு பருவத்தில் 9 வெற்றியைத் தாண்டியதே இல்லாத அணி அது! ஒஹாயோ ஸ்டேட்டிடம் (ரோர்க் ஆடிய ஒஹாயோ இல்லை, இது வேறு பல்கலைக்கழகம்) 38-15 என்று தோற்றார்கள். அப்புறம் பரம எதிரி பர்டூவை 66-0 என்று வீழ்த்தினார்கள். 12 அணிகளாக விரிந்த பிளேஆஃபிலும் (பட்டத்தை முடிவுசெய்யும் கடைசிச் சுற்றுகள்) இடம் கிடைத்தது, அங்கே நாட்டர் டேமிடம் 27-17 என்று தோல்வி.